கயிற்று அப்பாரு: ஒரு நினைவுக் கட்டுரை

மனிதரை அவர்தம் உடற்குறையால் பெயரிட்டு வழங்கும் வழக்கம் தமிழில் தொன்மையானது. முடமோசியார், முடத்தாமக்கண்ணியார் என்னும் சங்கப் புலவர் பெயர்களிலும் முடத்திருமாறன் என்னும் பாண்டியன் பெயரிலும் காணப்பெறும் முன்னொட்டு உடற்குறையைச் சுட்டுவதே என்று கொள்வோர் பலர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயரில் அவர்தம் பார்வையின்மையே பட்டமாக நின்றது. இப்பெயர்களை வகுப்பறையில் சொல்லும்போது நாம் இழிவு எதனையும் கருதுவதில்லை, புலமையையே கருதுகிறோம். ஆனால் அதே சொற்கள் தெருவில் வழங்குங்கால் வசையாகிவிடுகின்றன. ஒரு மனிதருக்கு அவர் வாழும் இடத்தில் என்ன மதிப்பு உண்டோ, அதுவே அவர்மேல் வழங்கும் சொல்லுக்கும் பொருளாகிறது.

நம் பழைய நூல்கள் இது குறித்து ஒரே குரலில் பேசவில்லை. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பார்வையின்மை முதலாக எண்வகை எச்சங்களை எண்ணிக் காட்டி, அவற்றால் ஊதியம் இல்லை என அறிந்தோர் கூறினர் எனச் சோழன் நலங்கிள்ளிக்கு உரைக்கிறார். திருவள்ளுவரோ ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறி இல்லாமை எவர்க்கும் பழியன்று எனவும் அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழி எனவும் தெளிவுறுத்துகிறார். அக்குறளில் வரும் பொறி என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உடலின் பொறி எனக் கொள்வாரும் உளர். இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்துக் கற்பிக்க நேரும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர், இவை இரண்டையும் படித்தறியாத ஒருவர். எங்கள் ஊர் அவரைக் கயிற்று அப்பாரு என அழைத்தது.

எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயை ஒட்டி அமைந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி கேரளத்தில் அடங்கிற்று. வீட்டுமொழி கொங்குத் தமிழ். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம். பாட்டனாரை அப்பாரு என்றும், பிள்ளைகளைக் கண்ணு என்றும் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கு. பனைமரமும் நிலக்கடலையும் மிகுந்த அவ்வூரில் நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலம் எழுபதுகள். அப்பாரு அப்போது நாற்பது வயதைக் கடந்திருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு வாழ்ந்தார். எங்கள் வீட்டிற்கு அடுத்த வளவு அவர்களுடையது.

மூன்று வயதில் பெரியம்மை கண்டு அவர் இரு கண்களையும் இழந்தார். பெரியம்மை கொன்றவரைப் போலவே குருடாக்கிவிட்டவரும் இந்நாட்டில் மிகப் பலர். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் குழந்தைப் பருவத்தில் அவ்வாறு பார்வை இழந்தவரே. அம்மைப்பால் குத்தும் முறை 1802ஆம் ஆண்டிலேயே இந்தியாவை அடைந்துவிட்டது. எனினும் நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரும் எங்கள் ஊர்க் குழந்தைகள் அனைவரையும் அது அடையவில்லை. 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு அந்நோய் இந்தியாவில் முடிவுற்றது. 1980இல் உலகிலிருந்தே நீங்கியதாக அறிவிக்கப்பெற்றது. அச்செய்தியை வானொலியில் கேட்ட அப்பாரு, “நம்மளோட முடிஞ்சுதே, அது போதும்” என்று கூறிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்ததாகப் பின்னர் அவர் தம்பி மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் வேலை கயிறு திரித்தல். கற்றாழை மடலை ஊறவைத்துத் தட்டிச் சதை நீக்கி, நாரை அலசி உலர்த்தி, புரியாக முறுக்கி, மூன்று புரிகளைச் சேர்த்து ஒன்றாக்குவார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, பிடிகயிறு, கிணற்றுக்குத் தாம்புக்கயிறு, வீட்டுக்கு உறி. கவலை இறைத்த காலத்தில் வடக்கயிறும் திரித்தாராம். மின் இறைப்பான்கள் வந்தபின் அது நின்றது. எந்தக் கயிறு எந்த மாட்டினுடையது என்பதை விரலால் தொட்டுச் சொல்வார். தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்து, “உங்க செவலை இடப்பக்கமே இழுக்குது, கழுத்துல புண் இருக்கான்னு பாருங்க” என்று மாட்டுக்காரரிடம் கூறியதை நானே கேட்டிருக்கிறேன். பார்த்தபோது புண் இருந்தது.

கயிற்றுக்கு அவர் கேட்ட விலை ஒரே சீரானதன்று. கையில் காசு உள்ளவர் காசு தந்தனர். இல்லாதவர் கடலை பிடுங்கிய பின் வள்ளத்தால் அளந்து தந்தனர். இரண்டு கயிறுகளுக்கு மட்டும் அவர் எவரிடமும் எதுவும் பெற்றதில்லை. ஒன்று தொட்டில் கயிறு. மற்றொன்று பாடை கட்டும் கயிறு. ஊரில் எந்தக் குடியில் குழந்தை பிறந்தாலும் ஐந்தாம் நாளுக்குள் புதுக்கயிறு ஒன்று அவ்வீட்டிற்குச் சென்றுவிடும். நார் உறுத்தாதபடி அதனைப் பலமுறை துணியால் உருவி மென்மையாக்கியிருப்பார். காரணம் கேட்டவரிடம், “வர்றவங்களும் போறவங்களும் கையில காசு வெச்சிருக்க மாட்டாங்க” என்பது அவர் விடை. சாதி பார்த்துப் பழகிய ஊரில் அவர் கயிறு மட்டும் எல்லாத் தெருவுக்கும் ஒன்றுபோலவே சென்றது.

அவரிடம் சிரிப்பு இருந்தது. அது பிறர்க்காகப் பூண்ட சிரிப்பன்று. பார்வையற்றவர் மகிழ்ச்சியாக இருந்தால் அதனைப் பெரும் பொறுமையாகவோ தெய்வ அருளாகவோ விளக்க முற்படுவது பார்வையுடையோர் இயல்பு. அப்பாருவுக்கு அவ்விளக்கங்கள் உவப்பளித்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அவரைக் கண்டு “பாவம்” என்று இரங்கியபோது, “யாருக்குங்க பாவம்?” என்று மெய்யாகவே அறிய விரும்புபவர் போல வினவினார். வந்தவர் விடையின்றி நிற்க, அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். பிள்ளைகள் ‘குருட்டு அப்பாரு’ என்று சொல்லி, அதற்காகப் பெரியவர்களிடம் அடிபட நேர்ந்தால் இடையில் புகுந்து தடுப்பார். “பேர் எதுவா இருந்தா என்ன? கூப்பிடறவன் குரலை வெச்சு எனக்குத் தெரியும்” என்பார்.

சினமும் அவருக்கு இருந்தது. தம் பங்கு நிலத்தைத் தம்மைக் கேளாது பேசி முடிக்க உறவினர் சிலர் முயன்றபோது, கணக்குகளை நாள்வாரியாக நினைவிலிருந்து எடுத்துரைத்து அவர்களைத் திருப்பியனுப்பினார். இதனை இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவரை நல்லவர் என நினைவுகூரும்போது அவர் யார்க்கும் வளைந்து கொடுத்தவர் என்னும் எண்ணம் படிப்போர்க்கு எளிதில் தோன்றிவிடும். உடற்குறை உடையவராயின் அவ்வெண்ணம் இன்னும் விரைந்து தோன்றும். அப்பாரு அத்தகையவர் அல்லர்.

என் தமிழ்க் கல்விக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு தோற்பாவைக் கூத்தின் வழியாக வந்தது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் நிகழும் இக்கூத்து, கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதைத் தமிழறிஞர் அறிவர். கோயிலுக்கு வெளியே கூத்துக்கென்றே கட்டப்பெற்ற கூத்துமாடத்தில் வெண்திரை கட்டி, அதன்பின் தேங்காய் முறிகளில் எண்ணெய் வார்த்து இருபத்தொரு விளக்குகளை ஏற்றி, தோற்பாவைகளின் நிழலைத் திரையில் விழச்செய்வர். தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் பத்திரகாளி இராம இராவணப் போரைக் காணவில்லை. அவள் காணும்பொருட்டே இக்கூத்து நிகழ்த்தப்பெறுகிறது என்பது வழிவழி வரும் கதை. ஆதலின் மக்கள் எவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை. அறுவடைக்குப் பின், தை மாதம் தொடங்கிக் கோடை வரை, ஏழு, பதினான்கு, இருபத்தொன்று எனக் கோயிலுக்கேற்ப இரவுகள் அமையும். புலவர் எனப்பெறும் கலைஞர் கம்பனின் பாடலை ஓதி, பதம் பிரித்து, மலையாளம் விரவிய தமிழில் நீண்ட விளக்கம் கூறுவர். இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியல் வரை செல்லும் அவ்விளக்கத்தின்போது, வந்திருக்கும் சிலரும் பெரும்பாலும் உறங்கிவிடுவர்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே நடந்து சென்றால் அத்தகைய கோயில் ஒன்று உண்டு. கூத்து நாள்களில் அப்பாரு தவறாது செல்வார். சிறுவர் சிலரும் உடன் செல்வோம். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கீழைக்காற்று வலுவாக வீசும். போகும்போது காற்று முதுகில் படவேண்டும். திரும்பும்போது முகத்தில் படவேண்டும். இதுவே அவர் திசையறியும் முறை. நிலவில்லா இரவுகளில் அவர் முன்செல்ல நாங்கள் அவர் மேல்துண்டைப் பற்றிக்கொண்டு பின்செல்வோம். “பகல்ல நீங்க முன்னால போங்க கண்ணு, ராத்திரிக்கு நான் இருக்கேன்” என்பார். வரப்பில் வழுக்கி விழுந்தவர் எங்களுள் உண்டு. அவர் விழுந்து நான் கண்டதில்லை.

நிழலைக் காணவியலாத ஒருவர் நிழற்கூத்துக்கு ஏன் செல்ல வேண்டும் என்று கேட்டவர் பலர். “அம்மன் பாக்கறா, நான் கேக்கறேன்” என்பார். அனைவரும் உறங்கிய நடுச்சாமத்தில் கூத்துமாடத்திற்கு எதிரே அவர் ஒருவரே நிமிர்ந்து அமர்ந்து, பாடல்தோறும் ‘உம்’ கொட்டிக்கொண்டிருப்பார். திரைக்குப் பின்னிருந்த புலவர்களுக்கு வெளியே இருப்போர் தெரியமாட்டார். அப்பாருவின் குரல் மட்டும் கேட்கும். ஒரு நாள் அக்குரல் கேளாதபோது, “அப்பாரு வரலீங்களா?” என்று மாடத்தினுள்ளிருந்து வினா எழுந்தது. அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே புலவரின் விளக்கத்தை நீளச் செய்ததையும், ஐயம் ஒன்றை அவர் எழுப்பினால் அதற்கு விடைகூறப் புலவர் இருவர் பாவைகளின் வாயிலாக வாதிட்டதையும் நான் கேட்டிருக்கிறேன். இக்கூத்தைக் காட்சிக்கலை என வகைப்படுத்தி, காண்போர் தொகை குறைந்ததை அதன் தேய்வுக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகளைப் படிக்கும்போது, அக்கணக்கில் கேட்போர் எங்கே சேர்க்கப்பெற்றனர் என்று எனக்குத் தோன்றும்.

கம்பனின் மாந்தருள் அப்பாருவுக்கு மிகவும் விருப்பமானவன் சம்பாதி. கதிரவனின் வெம்மையில் சிறகெரிந்து மலையில் கிடந்த அம்முதியவனே, சீதை இலங்கையில் இருப்பதை வானரர்க்கு உரைக்கிறான். இராமனின் பெயரைக் கேட்டுச் சம்பாதிக்குச் சிறகு முளைத்ததைப் புலவர் உருக்கமாகக் கூறி முடித்த ஓர் இரவில் அப்பாரு எங்களிடம் சொன்னார்: “முளைச்சது நல்லதுதான். முளைக்காட்டியும் அந்தக் கிழவன் வழி சொல்லியிருப்பான்.” கம்பன் குறித்து நான் பின்னாளில் கேட்ட உரைகள் பல. அவற்றுள் இவ்வொரு தொடரளவு என் நினைவில் தங்கியவை சிலவே.

மந்தரை குறித்தும் அவர்க்கொரு கருத்து இருந்தது. எங்கள் பக்கத்துக் கூத்து பஞ்சவடியிலிருந்து தொடங்குவது; எனினும் புலவர் விளக்கத்தினிடையே முற்கதை வந்துவிடும். சிறுவனாக இருந்தபோது இராமன் தன் முதுகின்மேல் வில்லால் எறிந்த மண்ணுருண்டையை நினைந்தே மந்தரை வஞ்சினம் கொண்டாள் என்பது கம்பன் கூறும் காரணம். ஊர்ச் சிறுவர் சிலர் ஒரு நாள் அவர் நடக்கும் பாதையில் நார்க்கட்டைப் போட்டுவைத்துவிட்டு மறைந்து நின்றனர். கோலால் தட்டிக் கண்டுகொண்ட அவர் அதன்மேலேயே அமர்ந்து, மறைந்திருந்தோரை மூச்சொலியால் அறிந்து பெயர் சொல்லி அழைத்து, அக்கதையைக் கூறினார். முடிவில், “உருண்டை சின்னதுதான் கண்ணு. பதினாலு வருசம் உருண்டுது” என்றார். கூனி என்று ஏசப்படும் பாத்திரத்தின் பக்கம் நின்று அக்கதையைப் பார்க்கலாம் என்பதை நான் முதலில் அறிந்தது அந்நாளில்தான். அவள் செய்தது சரி என்று அவர் கூறவில்லை. அவளுக்கு வலித்தது என்பதை மறவாதீர் என்றார்; அவ்வளவே.

அவர் வாழ்வில் நான் மிக உயர்வாக மதிக்கும் செயல் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பிய சிறுவன் ஒருவன் இருந்தான். வாய்வழிச் சொட்டு மருந்து நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பெற்றது எழுபதுகளின் இறுதியில். அவன் அதற்கு முன்னரே பிறந்துவிட்டவன். பள்ளி ஏறத்தாழ ஒரு கல் தொலைவு. அவனை அப்பாருவிடம் கயிறு திரிக்க விட்டுவிடுவதே நல்லது எனத் தந்தை முடிவுசெய்து அழைத்துவந்தார். ஊரும் அதனைப் பொருத்தமென்றே கருதியது. அப்பாருவோ, “கயிறு திரிக்க நான் ஒருத்தன் போதும். கண்ணிருக்கறவன் எழுத்துப் படிக்கட்டும். கால் நான் தர்றேன்” என்று மறுத்துவிட்டார்.

மறுநாள் முதல் அவனைத் தோளில் சுமந்து பள்ளியில் சேர்ப்பதும் மாலையில் திரும்ப அழைத்துவருவதும் அவர் கடமையாயிற்று. எங்கள் ஆசிரியர் அதனைக் கண்டு இரட்டைப் புலவர் கதையைச் சொன்னார். நடக்கவியலாதவர் தோள்மேலிருந்து வழிகாட்ட, பார்வையற்றவர் நடந்த அக்கதையை அப்பாரு ஆர்வத்தோடு கேட்டார். “அங்க மேல இருந்தவர் வழி சொன்னார். இங்க வழி எனக்கே தெரியும். இவன் படிச்சதைச் சொன்னாப் போதும்” என்றார். அவ்வாறே அச்சிறுவன் அன்றாடம் கற்ற பாடத்தைத் திரும்பும் வழியெல்லாம் ஒப்பிப்பான். வாய்பாடும் ஆத்திசூடியும் ஆறுகளின் பெயரும் அவர் செவிக்குள் அவ்வழியே சென்றன. மழை நாள்களில் அவன் தலைக்கு மேல் தாழங்குடை; அவர் தலையில் கோணிச்சாக்கு. இது ஐந்தாண்டுகள் நடந்தது. பின்னர் இரும்புச் சட்டமும் ஊன்றுகோலும் பெற்று அவன் உயர்நிலைப் பள்ளிக்குத் தானே சென்றான்.

மைய அரசு 1977இல் மூன்றாம், நான்காம் நிலைப் பணிகளில் உடற்குறையுடையோர்க்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அவ்வொதுக்கீட்டில் எழுத்தர் பணி பெற்ற அவர், இப்போது ஓய்வூதியம் பெறுகிறார். ஒதுக்கீடு இருந்தும், பள்ளிக்குச் செல்ல அந்தத் தோள் இல்லாதிருப்பின் அப்பணிக்கு விண்ணப்பிக்கும் தகுதி அவருக்கு வாய்த்திராது. தோள் இருந்தும், ஒதுக்கீடு இல்லாதிருப்பின் படிப்பு முடிந்த பின் அவர் கயிற்றுக் கொட்டகைக்கே திரும்பியிருக்கக்கூடும்.

இதனை வலியுறுத்துவது தேவை எனக் கருதுகிறேன். அப்பாரு பிறந்தபோதே இந்தியாவில் பார்வையற்றோர்க்குப் பள்ளிகள் இருந்தன. அமிர்தசரசில் 1887இலும் பாளையங்கோட்டையில் 1890இலும் அவை தொடங்கப்பெற்றன. இந்திய மொழிகளுக்கெனப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் வகுக்கப்பெற்றது. இவை எவையும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. விரல் நுனியால் கயிற்றின் தேய்வைக் கண்டு மாட்டின் புண்ணைச் சொன்னவர்க்குப் புள்ளியெழுத்து அரிதாக இருந்திராது. அவர் மகிழ்வாக வாழ்ந்தார் என்பது அவர்க்கு மறுக்கப்பெற்றவற்றுக்கு ஈடாகாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் 2.68 கோடி, அவர்களுள் 69 விழுக்காட்டினர் ஊர்ப்புறங்களில் வாழ்வோர். 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 21 வகைக் குறைகளை ஏற்று அதனினும் விரிந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுக்கு உரிமைகளை வகுத்துள்ளன. சட்டம் எழுதியது ஊர் வரை நடந்து வருவதற்கு இன்றும் பல இடங்களில் ஒரு தோள் தேவைப்படுகிறது.

சொற்களும் மாறியுள்ளன. தமிழகத்தில் ஊனமுற்றோர் என்பதற்கு மாற்றாக மாற்றுத்திறனாளி என்னும் சொல் 2010 முதல் அரசு வழக்காயிற்று. கேரளத்தில் பின்னசேஷி என்பர். இந்தியில் திவ்யாங்கர் என வழங்குகிறது. முதலிரண்டும் திறன் வேறுபட்டது என்கின்றன. மூன்றாவது உறுப்பினைத் தெய்வத்தன்மையுடையது என்கிறது. இழிவு நீக்க எழுந்த இச்சொற்களை நான் வரவேற்கிறேன். எனினும் அவரைத் தெய்வத்தன்மை உடையவர் என்றிருந்தால் அப்பாரு, “யாருங்க அது?” என்றே கேட்டிருப்பார். எங்கள் ஊர் அவருக்கு இட்ட பெயரில் குறையும் இல்லை, தெய்வமும் இல்லை. அவர் தொழிலும் உறவுமுறையும் மட்டுமே இருந்தன. பிள்ளைகளின் வாயில் முதலில் வழங்கிய பழைய பெயர் எப்போது மறைந்தது என்பதை எவரும் குறித்துவைக்கவில்லை. தொட்டில் கயிறு சென்று சேராத வீடே ஊரில் இல்லையென்றான பின் அது தானே மறைந்திருக்க வேண்டும்.

எண்பதுக்கு அண்மைய அகவையில், சில நாள் காய்ச்சலுக்குப் பின், அவர் இயற்கை எய்தினார். பாடைக்குக் கயிறு வாங்கக் கடைக்கு ஆள் அனுப்ப முற்பட்டபோது அவர் தம்பி மனைவி தடுத்து, பரணிலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தந்தார். ஊருக்கென அவர் திரித்து வைத்திருந்தவற்றுள் அதுவும் ஒன்று. அதனருகே மென்மையாக உருவப்பெற்ற தொட்டில் கயிறுகள் மூன்று இருந்தன. அடுத்த ஓராண்டில் பிறந்த குழந்தைகளுக்கு அவை சென்றன.

2011 சனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைவழிப் போலியோ நோய் எவர்க்கும் ஏற்பட்டதாகப் பதிவில்லை. 2014 மார்ச்சில் நம் நாடு இருக்கும் தென்கிழக்காசிய வட்டாரம் அந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது. பெரியம்மையும் இல்லை, இளம்பிள்ளை வாதமும் இல்லை. அப்பாருவையும் அச்சிறுவனையும் போன்றோர் அக்காரணங்களால் இனி நம் ஊர்களில் உருவாகமாட்டார்கள் என்பது மனநிறைவு தரும் செய்தி. ஆயினும் வேறு காரணங்களால் குறையுற்றோர் என்றும் நம்மிடையே இருப்பர். அவர்களைக் குறித்துத் தமிழில் எழுதவும் ஆராயவும் முற்படும் இளைய ஆய்வாளர்க்கு நான் கூறக்கூடியது ஒன்றே. பாடலில் எச்சம் எண்ணப்பெற்ற இடத்தை மட்டும் தேடாது, கூத்துமாடத்தின் எதிரே நடுச்சாமத்தில் ‘உம்’ கொட்டியவர் யார் என்பதையும் தேடுக. கம்பன் நம் கைக்கு ஏட்டின் வழியாக மட்டும் வந்து சேரவில்லை. அத்தகைய செவிகளின் வழியாகவும் வந்து சேர்ந்தான்.